ரத்தம் வச்சிருக்காகளா?

மார்ச் 5, புதன்

பன்னிரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும். இன்று லெந்து, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக் காலம், தொடங்குகிறது. ஈஸ்டர் வரை எங்கள் சபையில் நான் பார்ப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதப் போகிறேன். முடிந்ததும் பேராயருக்கு அனுப்புவேன். மற்றவர்கள் லெந்துக்குக் கறியை விடுகிறார்கள். நான் மௌனத்தை விடுகிறேன்.

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. சபைக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் முதல்வர் நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டும். சபைக் கமிட்டிச் செயலாளர் கிங்ஸ்டனின் மைத்துனனுக்குப் போனது. அவனுக்கு ஒரு விடுப்புக் கடிதம் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுத வராது. நான் கடவுளை விட்டு விலகவில்லை. அவருடைய கமிட்டியை விட்டுத்தான் விலகியிருக்கிறேன்.

மார்ச் 8, சனி

லெந்தின் சனிக்கிழமைகளில் பெண்கள் சங்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போய், குழந்தைகள் வார்டில் பாடி, ஜெபித்து, ரொட்டி கொடுத்து, போட்டோ எடுத்துவிட்டு வரும். என் மனைவி ஹெப்சி பாட்டை எடுத்துக் கொடுப்பவள். நூறு ரொட்டிப் பொட்டலம் ஸ்கூட்டரில் போகாது என்பதால் என் கார் ஊழியத்துக்கு அழைக்கப்பட்டது. காரோடு நானும்.

வெளியிலேயே இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். வெயில் உள்ளே தள்ளியது.

வார்டின் கடைசி அறையில் தலசீமியா பிள்ளைகள். உடம்பில் ரத்தம் போதிய அளவு ஊறாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து படுத்து, பை ரத்தம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சாகும்வரை. அந்த அறையில் நின்று எங்கள் பெண்கள் பாடியது, இயேசு சிந்திய ரத்தத்தின் மகிமையைப் பற்றி. நாலு சரணம். மேற்பார்வைக்கு வந்திருந்த கிங்ஸ்டன் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டான்.

ஜன்னலோரக் கட்டிலில் கையில் ஊசியோடு ஒரு பெண் பிள்ளை இரண்டு காதையும் பொத்த முயன்றுகொண்டிருந்தது. ஒரு கைதான் வந்தது.

"உங்க ஆளுகளா சார்?"

"இல்லை. நான் டிரைவர்."

"எப்ப முடிப்பாக?"

"இன்னும் ஜெபம் இருக்கு."

"அய்யய்யோ."

பெயர் இசக்கிப்பிரியா. ஊர் முக்கூடல் பக்கம். வயது ஒன்பது, பார்த்தால் ஆறு. அம்மா மாரிசெல்வி பீடி சுற்றுகிறவள். அவள் "சார்கிட்ட மருவாதையாப் பேசுட்டீ" என்று அதட்டினாள். நான் ஆங்கில வாத்தியார் என்று தெரிந்ததும் பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"இங்கிலீஷ்ல ஏசுறதுக்கு ஒண்ணு சொல்லித் தாங்க சார்."

முப்பது வருட ஆசிரியப் பணியில் ஒரு மாணவி தானாகக் கேட்ட முதல் பாடம். 'ஸ்கவுண்ட்ரல்' சொல்லிக் கொடுத்தேன். உச்சரிப்பு சுத்தம். ரொட்டியோடு கிங்ஸ்டன் வந்தபோது இரண்டு கையாலும் வாங்கி, "தாங்க்யூ ஸ்கவுண்ட்ரல்" என்றது. அவன் "காட் பிளஸ் யூ" என்று தலையைத் தடவிவிட்டுப் போனான்.

பல வருடம் கழித்து இன்று காரில் பாடிக்கொண்டே வந்தேன் என்று ஹெப்சி சொல்கிறாள். பொய்.

மார்ச் 12, புதன்

குழம்பில் உப்பு இல்லை. "லெந்து" என்றாள். உப்புக்கும் பாவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். மறந்துவிட்டாளாம்.

மார்ச் 15, சனி

சாட்சியம் சேகரிக்க மறுபடி வார்டுக்குப் போனேன். பாட்டு அதேதான், ஒரு சரணம் கூடுதல். ஜன்னலோரக் கட்டிலில் வேறு பிள்ளை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று சொன்னதை மறந்துபோனேன். கையில் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை என்ன செய்வது என்று தெரியாமல் கிங்ஸ்டனிடமே கொடுத்துவிட்டேன். அவன் அதற்கும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான்.

மார்ச் 22, சனி

கார் ஓட்ட கிங்ஸ்டனின் மகனை அனுப்பினேன். பிள்ளைகள் ரசிக்கும்படியான ஆங்கில வசைச் சொற்களைக் கல்லூரி நூலகத்தில் தேடினேன். மொழியியல் ஆர்வம்தான், வேறொன்றுமில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இந்தக் குறிப்பில் எழுதப்போவதில்லை.

மார்ச் 29, சனி

இசக்கிப்பிரியா வந்திருந்தாள். ரத்தம் வரவில்லை.

கல்லூரிகளில் தேர்வு நேரம். ரத்ததான முகாம் கிடையாது. ரத்த வங்கியில் இருந்தது காலையிலேயே ஒரு பிரசவத்துக்கும் ஒரு லாரி விபத்துக்கும் போய்விட்டது. "திங்கக்கிழமை வாங்கன்னுட்டாக சார்," என்றாள் மாரிசெல்வி. "இவளால பஸ்ஸுல நிக்க முடியாது. ரெண்டு நாளும் வராந்தாவுல கெடக்க வேண்டியதுதான்."

பிள்ளையின் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டது. நான் இரண்டு புதிய வசைச் சொற்கள் கொண்டுபோயிருந்தேன். "அடுத்த தடவை சார்" என்றது.

அந்த நேரம் பார்த்து எங்கள் குழு உள்ளே வந்தது. ஹெப்சி சுருதி எடுத்தாள். அதே ரத்தப் பாட்டு. பிள்ளை காதைப் பொத்தவில்லை. பல்லவி முடிகிறவரை கவனமாகக் கேட்டது. பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"ரத்தம் ரத்தம்னு படிக்காகளே சார், வச்சிருக்காகளா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டது.

மாரிசெல்விக்கு என் போன் நம்பரைக் கொடுத்தேன். ரத்தம் கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள. புள்ளிவிவரத்துக்காக.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். அடுத்த வீட்டு பிரியாணி வந்தது. சாப்பிட்டேன். மாலை ஐந்தரைக்கு மாரிசெல்வி போன். ஏற்றிவிட்டார்களாம். அடுத்த பை ஏப்ரல் 19, சனி. அதற்கும் இருக்குமா என்று தெரியாதாம்.

ஏப்ரல் 2, புதன்

ஐயரைப் பார்க்கப் போனேன். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். எட்வின் ஐயர் இளையவர், மெலிந்தவர், கமிட்டிக்குப் பயந்தவர். பிள்ளை கேட்ட கேள்வியைப் புகாராகத்தான் சொன்னேன். கூடவே சொந்தமாகவும் கொஞ்சம் சேர்த்தேன்: ரத்தத்தைப் பற்றி இரண்டாயிரம் வருடமாகப் பாடுகிற ஒரு கூட்டத்தில் ஒருவனுக்குக் கூடத் தன் ரத்த வகை தெரியாது.

சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பாட்டை நான்தான் பெண்கள் சங்கத்துக்கு எடுத்துக் கொடுத்தேன்," என்றார். பிறகு, "முகாம் வைப்போம்" என்றார்.

"நீங்க குடுத்திருக்கியளா?" என்றும் கேட்டார். என் கொள்கைகள் வேறு என்றேன். ஊசி சம்பந்தப்பட்ட கொள்கைகள் என்று அவருக்கு எதற்கு விளக்க வேண்டும்?

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. விஷயத்தைக் கிங்ஸ்டன் பிடுங்கிக்கொண்டான். எழுந்து நின்று, "எதுக்கு வேற நாளு? ஆண்டவர் ரத்தம் சிந்துன பெரிய வெள்ளிக்கிழமையே வச்சிருவோம். மும்மணி ஆராதனை முடிஞ்சு சபையே வெளிய வரும். அப்படியே வரிசையில நிக்க வேண்டியதுதான்!" என்றான். ஆமென் என்றார்கள். ஒருத்தி அழுதாள். ஃபிளெக்ஸில் என்ன எழுதுவது என்பதிலேயே அரை மணி நேரம் போனது.

நான் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பெரிய வெள்ளியன்று எங்கள் சபையில் யாரும் சாப்பிடுவதில்லை. முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை ஆராதனை. அதன் பிறகுதான் ஆலய வளாகத்தில் கஞ்சியும் துவையலும். வெறும் வயிற்றில் இருக்கிறவனிடம் எந்த டாக்டரும் ரத்தம் எடுக்க மாட்டார். இது பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கூடத் தெரியும். இத்தனை பட்டதாரிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உபவாசம் அவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

வாயைத் திறக்கவில்லை. ஃபிளெக்ஸ் அடிக்கட்டும். ஊரைக் கூட்டட்டும். மூன்று மணிக்கு டாக்டர் முன்னால் கிங்ஸ்டன் முழிக்கிறதை நான் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பிள்ளைகள் ஓலையோடு ஊர்வலம் போனார்கள். பெயர் கொடுத்தவர்கள் அறுபத்து மூன்று பேர். ஹெப்சியும் கொடுத்திருக்கிறாள். "உங்க பேரையும் போட்டுட்டேன்" என்றாள். கூட்டத்தில் என்னை யார் தேடப் போகிறார்கள்?

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் மாரிசெல்வி போன் செய்தாள். பிள்ளையால் வீட்டுப் படி ஏற முடியவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை. சனிக்கிழமைக்குப் பத்துப் பதினோரு பிள்ளைகள் இருக்கிறார்கள், ரத்த வங்கி அலமாரி காலி. "உங்க கோயில்ல நாளைக்கு எடுக்காகளாமே சார், அதை நம்பித்தான் இருக்கோம். டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னாக."

பின்னால் பிள்ளையின் குரல்: "ஸ்கவுண்ட்ரல் சார்கிட்ட சொல்லும்மா, நான் மறக்கலன்னு."

கிங்ஸ்டன் நம்பரைப் போட்டேன். ஒரு தடவை மணி அடித்தது. வைத்துவிட்டேன். அவன் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. சொன்னால், 'கமிட்டியிலயே சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லலை?' என்பான். அதற்கு என்னிடம் இருக்கிற பதில் அவனிடம் சொல்லக்கூடியதல்ல.

துணி துவைத்தேன். இரண்டு முறை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பதினொரு மணிக்குப் பேருந்து நிலையம் பக்கத்து பாய் கடைக்குப் போனேன். நாலு இட்லி, ஒரு வடை. ஒவ்வொரு பெரிய வெள்ளியும் இதுதான் வழக்கம். கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் ஹெப்சிக்குத் தெரியாது. இந்த முறை நாலாவது இட்லிக்கு அரை மணி நேரம் ஆனது. சட்னி சரியில்லை.

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்தது. வேன் நின்றிருந்தது. வேப்பமரத்தடியில் கட்டில்கள். பந்தல் கம்பத்தில் ஃபிளெக்ஸ். அதில் கிங்ஸ்டனின் படம் மருத்துவமனைப் படத்தைவிடப் பெரிதாக இருந்தது. ரத்த வங்கி டாக்டர் நஸீமா, முப்பத்தைந்து வயதிருக்கும், சிரிக்காத முகம். அறுபத்து மூன்று பேரும் வரிசையில். கிங்ஸ்டன் முதல் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தான். போட்டோக்காரன் குனிந்தான்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இன்னைக்குப் பெரிய வெள்ளிக்கிழமை டாக்டரம்மா. உபவாசம்."

"கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?"

"நேத்து ராத்திரி. லேசாத்தான்."

டாக்டர் பேனாவை மூடினார். வரிசையைப் பார்த்தார். "எல்லாரும் உபவாசமா?"

எல்லோரும் பெருமையோடு தலையாட்டினார்கள்.

"போன மாசம் முழுக்க நானும் நோன்பு இருந்தவதான் சார். எனக்குத் தெரியாததா? அதனாலதான் சொல்றேன், எடுக்க முடியாது. மூணு மணி நேரம் இந்தப் புழுக்கத்துல உக்காந்திருக்கீங்க. கஞ்சி குடிச்சிட்டு உடனே வந்தாலும் பாதிப் பேர் விழுந்துடுவீங்க. அஞ்சு மணிக்கு வேன் போகணும். யாருமே இதை யோசிக்கலையா?"

கிங்ஸ்டன் முழித்தான். நான் பன்னிரண்டு வருடம் காத்திருந்த முழி. முழுசாகப் பார்த்தேன். எதிர்பார்த்த ருசி அதில் இல்லை. அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எனக்குத் தோணவே இல்லயே. நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்ய?"

டாக்டர் பைகளைப் பெட்டிக்குள் அடுக்கச் சொன்னார். பிறகு நம்பிக்கையில்லாமல் திரும்பிக் கேட்டார்: "காலையில சாப்பிட்டவங்க யாராவது இருக்கீங்களா?"

இருநூறு கிறிஸ்தவர்கள். பெரிய வெள்ளி. வெள்ளைச் சேலைகள். காகம் கத்துவது கேட்டது. கஞ்சி அண்டா கொதிப்பது கேட்டது. ஹெப்சி எனக்கு ஆறடி தூரத்தில் பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து நின்றுகொண்டிருந்தாள்.

பெட்டி மூடுகிற சத்தம் கேட்டபோது என் கை மேலே போயிருந்தது.

"நான். நாலு இட்லி. ஒரு வடை."

"அண்ணாச்சி!" என்றான் கிங்ஸ்டன். "பெரிய வெள்ளிக்கிழமையிலயா?"

"வருஷா வருஷம்."

பின்னாலிருந்து யாரோ, "படிச்ச மனுசன் செய்ற வேலையா இது" என்றார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. அந்த ஆறடி தூரத்துப் பக்கத்தைத்தான் பார்க்கவே முடியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்துதான் குரல் வந்தது.

"நானும் சாப்பிட்டேன் டாக்டர். ரெண்டு தோசை."

ஹெப்சி.

"இவுக மருந்துக் கடைக்குப் போனதும் ஊத்துவேன். தலை சுத்தி விழுந்தா பாட்டு யாரு எடுக்க?"

"எத்தனை வருஷமா?" என்றேன்.

"நீங்க எத்தனை வருஷமா மருந்துக் கடைக்குப் போறியளோ, அத்தனை வருஷமா."

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தது யார் என்று எல்லோரும் திரும்பும்போது எட்வின் ஐயர் வெள்ளை அங்கியோடு முன்னால் வந்தார். மூன்று மணி நேரம் சிலுவையில் இயேசுவுக்கு எடுத்த தாகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்து தொண்டை கட்டியிருந்தது.

"ரெண்டு ஆப்பம், டாக்டர். தேங்காய்ப்பாலோட."

ஐயரம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். சுட்டது அவர்தானே.

பிறகு மடை திறந்துகொண்டது. ஞாயிறு பள்ளி கண்காணிப்பாளர் பழைய சோறு. பாடகர் குழுவின் கனத்த குரல்காரர் பொங்கல், இரண்டு தடவை. கல்லூரிப் பையன்கள் நாலு பேர் ஆம்லெட் என்று சொல்ல, அவர்களுடைய தாய்மார்கள் அங்கேயே அடிக்கப் போனார்கள். "அடிக்காதீங்கம்மா, கை வேணும்" என்றார் டாக்டர். அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கடைசியில் கிங்ஸ்டன் மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நானும் சாப்பிட்டேன்."

"இப்போதான் இல்லைன்னீங்க?"

"வெக்கத்துல சொன்னேன். எடுங்க."

"என்ன சாப்பிட்டீங்க?"

அவன் கஞ்சி அண்டாவைப் பார்த்தான். "…பூரி" என்றான். "எத்தனை?" "பத்து." ஐம்பது வயதில் அவன் சொன்ன முதல் பொய்யாகத்தான் இருக்க வேண்டும், அவ்வளவு மட்டமாக இருந்தது. டாக்டர் அவன் தோளைத் தட்டி எழுப்பி அனுப்பிவிட்டார்.

எனக்கு ஊசி போட்டார்கள். பை நிறையும்வரை சமாளித்தேன். எழுந்ததும் வேப்பமரம் கீழே வந்தது. கண் விழித்தபோது என் காலை ஒருவன் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, ஃபிளெக்ஸைக் கிழித்து எனக்கு விசிறிக்கொண்டிருந்தான். அவன் முகமே எனக்கு விசிறியது.

"உங்களுக்காவது தோணியிருக்கலாமே அண்ணாச்சி," என்றான் கிங்ஸ்டன். "எவ்வளவு படிச்சிருக்கிய."

மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பத்தொன்பது பை. அறுபத்து மூன்றாக இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

நேற்று முழுக்க ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். இன்று காலை ஏற்றுவதாகச் சொன்னதால் உயிர்த்தெழுதல் ஆராதனைக்குப் போகவில்லை. வார்டுக்குப் போனேன். ஹெப்சியும் வந்தாள். பாடவில்லை.

இசக்கிப்பிரியாவுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. "இது உங்க ரத்தமா சார்?" இல்லை. என்னுடையது ஏ, அவளுடையது பி. பையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு எண், வகை, தேதி. பெயர் இல்லை. ஆம்லெட்டா, ஆப்பமா, தெரியாது.

"என்னுது எங்க போச்சுன்னு எனக்கே தெரியாது."

"கேட்டுப் பாக்க வேண்டியதுதானே?"

"சொல்ல மாட்டாங்க."

"நான்சென்ஸ்" என்றாள். அது நான் சொல்லிக் கொடுத்ததல்ல. வேறு எங்கோ பிடித்திருக்கிறாள். இரண்டு மணி நேரத்தில் உதட்டில் நிறம் வந்தது. மூன்றாவது மணி நேரத்தில் ஹெப்சியின் வளையலைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் கடையநல்லூர்ப் பையன். ஓ நெகட்டிவ். பத்தொன்பதில் அது ஒன்றுகூட இல்லை. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் அப்பா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடுக்க முடியாமல் போன நாற்பத்து நாலு பேரில் ஒருவருக்காவது இருந்திருக்கலாம். அதை அவரிடம் சொல்ல முடியாது. ஹெப்சியிடம் சொன்னேன். கமிட்டியில் எனக்குத் தெரிந்தும் சும்மா இருந்ததை.

அவள் வளையல் இல்லாத மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். பிறகு, "தோசையைவிடப் பெருசால்லா ஒளிச்சு வச்சிருக்கிய" என்றாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் ரத்த வங்கிக்குப் போன் செய்தேன். கடையநல்லூர்ப் பையனுக்குத் தென்காசியிலிருந்து ஒரு பை வந்துவிட்டது. கொண்டுவந்து கொடுத்தது கிங்ஸ்டன், பைக்கில். எனக்கு முன்னாலேயே விசாரித்திருக்கிறான்.

இந்தப் பக்கங்களைத் திருப்பிப் படித்தேன். பேராயருக்கு அனுப்ப ஒன்றும் தேறவில்லை. இதில் குற்றவாளி என்று கைகாட்டக்கூடியவன் ஒருவன்தான். அவன் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் மே பத்தாம் தேதி அடுத்த பை. அதற்கடுத்து மே கடைசி. கல்லூரிகள் ஜூன்வரை திறக்காது. எங்கள் ஆட்களில் கொடுத்த பத்தொன்பது பேர் மூன்று, நாலு மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம்; மிச்ச நாற்பத்து நாலு பேர் மே பத்தோடு தீர்ந்துவிடுவார்கள். அதனால் இதை அப்படியே நகல் எடுத்து, தெற்கே இருக்கிற எல்லாச் சபைகளின் ஐயர்மாருக்கும் அனுப்பப் போகிறேன். கோடையில் ஊருக்கு ஊர் அசனம் வரும். ஊரே உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறுமாய் வயிறு புடைக்கச் சாப்பிடும் பண்டிகை. முகாமை அன்றைக்கு வையுங்கள் ஐயா. ஒருவரும் பொய் சொல்ல வேண்டியிராது. டாக்டர் கேட்டால் ஏப்பமே பதில் சொல்லிவிடும்.

நகல்கள் தயார். உறைகளில் ஹெப்சி விலாசம் எழுதினாள். எல்லா உறையும் முடிந்த பிறகு நகலின் கடைசிப் பக்கத்தில், கீழே கையெழுத்துக்கு இருந்த இடத்தைக் காட்டி என்னிடம் நீட்டினாள்.

பேனாவைத் திறந்தேன். என் பெயரை யாரும் கௌரவமாக எங்கும் போடவில்லை என்பதுதான் பன்னிரண்டு வருடமாக என் வழக்கு. இதில் போட்டால் பாதிப் பேர் என்னைப் பாராட்டுவார்கள், பாதிப் பேர் என்னை ஏசுவார்கள். இரண்டு பாதியும் சேர்ந்து மே பத்தாம் தேதியை மறந்துவிடுவார்கள்.

பேனாவை மூடிவிட்டேன். இருட்டுவதற்குள் தபாலில் சேர்க்க வேண்டும். பெயர் இல்லாமல்.